ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் விடுதிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரில் ஆற்றங்கரை ஓரமாகப் பெரிய தங்கும் விடுதிகளை நடத்தும் நிர்வாகத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

கிள்ளான் ஆற்றையும் கோம்பாக் ஆற்றையும் ஒட்டி உங்கள் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. நூற்றுக்கணக்கான அறைகள், திருமண மண்டபம், மாநாட்டுக் கூடம், நீச்சல் குளம், காலைப் பசியாறலுக்கு நீளமான பஃபே மேசை என்று எல்லா வசதியும் வைத்திருக்கிறீர்கள். அங்கே காசு கொடுத்துத் தங்கும் வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நாங்கள் தெலுக் இந்தான்காரர்கள். கல்யாணம், மருத்துவமனை, பிள்ளைகளின் பட்டமளிப்பு, தைப்பூசம் என்று எது வந்தாலும் தலைநகரில் அறை எடுக்கிறோம். உறவினர் வீட்டில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த காலம் ஏறக்குறைய போய்விட்டது. அவர்களும் சின்ன கொண்டோவுக்கு மாறிவிட்டார்கள், நாங்களும் ஒரு கூட்டமாகத்தான் வருகிறோம்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். உங்கள் முதுகுப் பக்கம் ஓடும் ஆற்றை விருந்தினருக்குத் திறந்துவிடுங்கள். அப்படித் திறந்துவிடத் தகுந்த ஆறாக அது இருப்பதற்கு உங்கள் பங்கைச் செய்யுங்கள்.

இந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது ஒரு விடுதியின் குறை மட்டும் அல்ல. ஆற்றோரத்தில் நான் பார்த்த பெரிய கட்டடங்கள் பலவும் அப்படித்தான் நிற்கின்றன. அறை நன்றாக இருந்தது, படுக்கை சுத்தமாக இருந்தது, ஏர்கோன் குளிர்ந்தது. முன்பதிவில் 'சிட்டி வியூ' என்று போட்டிருந்தார்கள். திரையை விலக்கினால் நேர் கீழே ஆறு. அம்மா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேராக் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். எந்த ஊரில் தண்ணீரைக் கண்டாலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்பது அவர் வழக்கம். லாபிக்கு இறங்கியதும் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "இது எந்த ஆறும்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞரிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. "அந்தப் பக்கம் போக முடியாது ஆன்ட்டி, பக்கத்துல மால் இருக்கு, அங்க போங்க" என்றார்கள், மரியாதையாகத்தான். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று நானே போய்ப் பார்த்தேன். சமையலறைக்குச் சாமான் இறக்கும் இடத்தைத் தாண்டினால் சக்கரம் வைத்த பெரிய குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் பச்சை பெயிண்ட் உரிந்த இரும்புக் கதவு. அதில் ஒரு பூட்டு, பூட்டைச் சுற்றி ஒரு சங்கிலி, இரண்டும் துருவேறிக் கதவோடு ஒட்டிக் கிடக்கின்றன. திறந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். கம்பி இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு நடைபாதை. நல்ல சிமெண்ட் நடைபாதைதான், இருவர் பேசிக்கொண்டே நடக்கலாம். அதற்கு அப்பால் சரிந்து இறங்கும் கான்கிரீட் கரை. அடியில் தே தாரிக் பால் தேநீர் நிறத்தில் தண்ணீர். கரையின் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதன் நிழலில் ஓர் உடும்பு வாலை நீட்டிப் படுத்திருந்தது. இரண்டு கொக்குகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு மீன் பார்த்தன. மீன் இருப்பதால்தானே பார்க்கின்றன? இந்த ஆறு செத்துவிட்டது என்று சொல்பவர்கள் அந்தக் கம்பி வழியாக ஒரு முறை பார்க்க வேண்டும்.

இவ்வளவும் உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. நீங்களோ அதன் எதிரில் குப்பைத் தொட்டியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அம்மாவின் கேள்விக்குக் கடைசியில் பதில் சொன்னவர், அறையைச் சுத்தம் செய்ய வந்த அக்கா. துண்டை மாற்றிக்கொண்டே, மேலே எந்தெந்த ஆறு சேர்ந்து இங்கே வருகிறது, மழை பெய்தால் எவ்வளவு நேரத்தில் ஏறும், எதிர்க்கரைச் சுவரில் கறுத்துப் போன கோடு எந்த வெள்ளத்தில் விழுந்தது என்று எல்லாம் சொன்னார். "பத்துமலைத் தண்ணியும் இதுலதாம்மா வருது" என்று அவர் சொன்னதும் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 1873-இல் எழுந்த நகர மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு, ராத்திரி முழுக்க நகர்ந்து பத்துமலை போய்ச் சேரும். காவடி எடுப்பவர்கள் அங்கே பத்து ஆற்றங்கரையில் குளித்து, அங்கேயே அலகு குத்திக்கொண்டு, 272 படி ஏறுவார்கள். அப்பா காலத்தில் ஆற்றிலேயே இறங்கி முங்கி எழுந்திருக்கிறார்கள். இப்போது கரையில் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதில்தான் பெரும்பாலானவர்கள் குளிக்கிறார்கள். அந்தப் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் சேர்கிறது. கோம்பாக் ஆறு மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கிள்ளான் ஆற்றில் சேர்கிறது. லட்சக்கணக்கான மக்கள் விரதம் இருந்து தொட்டு வணங்கும் தண்ணீர், சில மணி நேரம் கழித்து உங்கள் சமையலறைப் பின்சுவரைத் தாண்டி ஓடுகிறது. தைப்பூச வாரத்தில் உங்கள் அறைகளை எங்கள் ஆட்கள் நிரப்புகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

ஆற்றைச் சொல்லாமல் இந்த நகரத்தைச் சொல்லவே முடியாது. 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். இரண்டு ஆறும் கூடும் இடத்தில் இறங்கிக் காடு வழியாக அம்பாங்குக்கு நடந்தார்கள். சாமான் இறக்கிய அந்தக் கரையில் கடை வந்தது, கடையைச் சுற்றி ஊர் வந்தது. 1886-இல் கிள்ளான் பக்கமாக ரயில் ஓடத் தொடங்கியதும் படகுக்கு வேலை போயிற்று. தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். செந்தூலும் பிரிக்ஃபீல்ட்ஸும் அப்படி வளர்ந்த இடங்கள்தான். ரயில் வந்த பிறகு ஆறு மெல்லக் கொல்லைப்புறமாகிவிட்டது. 1926 பெரு வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை நேராக்கினார்கள், ஆழப்படுத்தினார்கள். அப்புறம் கான்கிரீட் போட்டார்கள். இன்னும் பிறகு, அம்பாங் பக்கம் ஆற்றின் மேலேயே நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தினார்கள். நகரம் எதையெல்லாம் பார்க்க விரும்பவில்லையோ அதையெல்லாம் ஆற்றின் பக்கம் தள்ளியது. நீங்கள் கட்டிய காலத்தில் நகரமே அப்படித்தான் இருந்தது. அதை உங்கள் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் காலம் மாறிவிட்டது. 'ரிவர் ஆஃப் லைஃப்' என்று 400 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் ஒதுக்கிய திட்டம் நடந்தது. கிள்ளான் ஆறும் அதன் கிளைகளுமாக 110 கிலோமீட்டரைச் சுத்தப்படுத்துவது அதன் நோக்கம். உடம்பில் பட்டாலும் தீங்கு வராத அளவுக்குத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தண்ணீர் இன்னும் அந்த நிலைக்கு எல்லா இடத்திலும் வரவில்லை என்பது ஜன்னல் வழியே பார்த்தாலே தெரிகிறது. ஆனால் 2017-இல் மஸ்ஜிட் ஜாமெக் முனையில் கரையைத் திறந்து, படிக்கட்டும் நீல விளக்கும் நீரூற்றும் வைத்தார்களே, அதற்குப் பிறகு அங்கே மாலையில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் நிற்கின்றன. 1909-இல் திறந்த பள்ளிவாசலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். கரையைத் திறந்தால் மக்கள் வருகிறார்கள். மலாக்காவிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆறு, இன்று அதன் கரையில் இருக்கும் சிறு விடுதிகள் ஆற்றுப் பக்கம் மேசை போட்டு வியாபாரம் செய்கின்றன. கையில் முதல் இல்லாத சின்னக் கடைக்காரர்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

இனி வெள்ளம். இதைக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருந்தபோது ஒரு மாலை வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கோலாலம்பூர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: மேலே கோம்பாக் மலைப்பக்கம் கொட்டுவது, நடுவில் இருக்கும் கூரையும் தார்ச்சாலையும் வழித்துவிட்டது எல்லாம் சேர்ந்து சீக்கிரமே ஆற்றுக்கு வந்துவிடும். மண் இருந்தால் குடிக்கும், சிமெண்ட் குடிக்காது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். உடும்பு படுத்திருந்த கரை மறைந்தது, ஆலங்கன்றின் அடி மறைந்தது, அப்புறம் கன்றே தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. மரக்கட்டை, போத்தல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் போயின. எங்கிருந்தோ சைரன் ஒலித்தது. கவுண்டருக்குப் போன் போட்டேன். "எல்லாம் ஓகே சார்" என்றார்கள். அது என்ன சைரன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்கள். தாழ்வாரத்தில் அதே அக்கா. "கார் பேஸ்மெண்ட்லயா தம்பி இருக்கு? மேல ஏத்திடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் இறங்கி ஓடினேன். கீழே என்னைப்போல் யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட நாலைந்து பேர். மற்ற கார்கள் எல்லாம் அப்படியே நின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் மேலே நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம். 2022 மார்ச் 7 அன்று நகரின் நடுவே கார்கள் தண்ணீரில் மிதந்ததை நாடே பார்த்ததே.

அப்பா அன்று இரவு தூங்கவில்லை. அவர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். 1971 ஜனவரி வெள்ளத்தின்போது அவர் வாலிபப் பையன். அரிசி மூட்டையை மேசை மேல் ஏற்றினார்களாம், மேசையும் போதவில்லையாம். பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்ததை அன்று இரவுதான் எங்களுக்கு முழுசாகச் சொன்னார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நாடு சும்மா இருக்கவில்லை. அணை கட்டினார்கள், கரையை அகலமாக்கினார்கள், 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ள நீரைத் திருப்பும் ஸ்மார்ட் சுரங்கத்தைத் திறந்தார்கள். அந்தச் சுரங்கத்தில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரத்துக்குக் கார்களும் போகும். பெருமழை என்றால் கார்களை வெளியேற்றிவிட்டு, அந்தப் பாதையையும் தண்ணீருக்கே விட்டுவிடுவார்கள். நகர நடுவுக்கு வருமுன்பே வெள்ளத்தைத் திருப்பிவிடும் அப்படியொரு ஏற்பாடு உலகத்திலேயே அபூர்வம். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்தை இணையத்தில் எல்லாருக்கும் தெரிய வெளியிடுகிறது. இத்தனை ஏற்பாடு வெளியே இருக்க, உங்கள் அறைக் கதவின் பின்னால் தீ விபத்துக்கு ஒரு வரைபடம் மட்டும் ஒட்டியிருக்கிறது. வெள்ளத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த வரைபடத்துக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டுங்கள். ஆற்றின் பெயர் என்ன, சைரன் ஒலித்தால் என்ன அர்த்தம், கார் எந்த மாடியில் பாதுகாப்பு, மின்சாரம் போனால் மேல் மாடியில் இருக்கும் வயதானவர்கள் யாரைக் கூப்பிடுவது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் அடியுங்கள். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் அறைக்கு அறை போன் போட்டுச் சொல்லுங்கள். விருந்தினர் பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் விடும்போதுதான் பயம் வருகிறது. இந்தத் தாளை எழுத வெளியே ஆள் தேட வேண்டாம், உங்கள் அறைகளைச் சுத்தம் செய்பவர்களையும் காவலாளிகளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். ஆற்றைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது உங்கள் சமையலறை. கழிவறைத் தண்ணீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழுவது அப்படியல்ல, மழைத் தண்ணீரோடு நேரே ஆற்றுக்குப் போகிறது. ஒரு கல்யாண விருந்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைத்த சட்டியைக் கழுவும் தண்ணீர், தரையைக் கழுவித் தள்ளும் தண்ணீர், குப்பைத் தொட்டியின் அடியில் ஒழுகும் சாறு எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன என்று உங்கள் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டியை முறையாகக் காலி செய்கிறீர்களா, அந்த எண்ணெயை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதை வாசலில் எழுதி வையுங்கள். நான் பார்த்த அந்தத் தொட்டிகளின் கீழே ஈரம் கோடாக ஓடி ஒரு வடிகால் துளைக்குள் இறங்கியது. எந்த ஊர் விடுதியாக இருந்தாலும் இது சரியில்லை. கோலாலம்பூரில் இது எங்கே போய் முடிகிறது என்றால், கிள்ளான் துறைமுகத்துக்கு அருகே ஆற்றில் இயந்திரத்தை நிறுத்திக் குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் தலையில்தான் முடிகிறது. எண்ணெயை அந்த இயந்திரத்தாலும் அள்ள முடியாது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆற்றுக் கரை அரசாங்க நிலம், எங்களுடையது அல்ல. பிள்ளைகள் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு? வாடை வருகிறது. இரவில் யார் யாரோ நடமாடுவார்கள். இவற்றில் எதையும் நான் தள்ளிவிடவில்லை. கரை அரசாங்கத்தினுடையதுதான், ஆனால் பூட்டு உங்களுடையது. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை திறந்து, ஒரு காவலாளியை உட்காரவைத்து, இடுப்பளவு கம்பி போட்டால் போதும். மழை வந்தால் பூட்டிவிடுங்கள். நடமாட்டம் பற்றிய பயம் ஆளில்லாத கரைக்குத்தான் பொருந்தும். காலையில் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களும், காப்பிக் கோப்பையோடு நிற்கும் விருந்தினரும் இருக்கும் இடத்துக்குக் கெட்ட எண்ணத்தோடு வருபவன் யோசிப்பான். வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பிக் கதவருகே எனக்கு அடித்த வாடை ஆற்றிலிருந்து வரவில்லை, தொட்டிகளிலிருந்து வந்தது.

ஒரு விடுதி தனியாகச் செய்தால் பத்தடிப் பாதைதான் கிடைக்கும் என்பதும் உண்மை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆற்றோரம் இருக்கும் நீங்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மாநகர் மன்றத்தையும் வடிகால் துறையையும் அழைத்து, எந்தக் கதவிலிருந்து எந்தக் கதவு வரை பாதை தொடர்கிறது, எங்கே அறுந்து கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்தாலே பாதி வேலை முடிந்தது. 'மலேசியாவுக்கு வாருங்கள் 2026' என்று உலகத்தையே அழைத்திருக்கிறோம். வெளிநாட்டு விருந்தினர் ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்டுகிறார். அவரும் எங்களைப் போலவே திரையை விலக்கிக் கீழே பார்ப்பார், இது என்ன ஆறு என்று கேட்பார். உங்கள் கவுண்டர் பிள்ளைகள் பதில் சொல்லும்படி அவர்களை அழைத்துப்போய் அந்தக் கரையில் ஒரு தடவை நடக்கவிடுங்கள். செலவே இல்லாத வேலை இது.

இன்னொன்று, பெரிய விஷயம் இல்லை, ஆனால் கேட்டுவிடுகிறேன். தைப்பூசத்துக்கு வருபவர்களில் பலர் விடியற்காலை மூன்று மணிக்கே பத்துமலைக்குக் கிளம்புவோம். அந்த நேரத்துக்கு ஒரு வெந்நீர்க் குடுவையும் கொஞ்சம் வாழைப்பழமும் லாபியில் வைத்தால் வயதானவர்களுக்கு உதவியாக இருக்கும். பசியாறல் ஆறரைக்குத்தான் திறக்கிறது.

இந்த மடலின் நகலை மாநகர் மன்றத்துக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் அனுப்புகிறேன். அடுத்த தைப்பூசத்துக்கு அறை பார்க்கும்போது உங்களில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு மூன்று கேள்வி கேட்பேன்: ஆற்றுப் பக்கக் கதவு திறந்திருக்கிறதா, வெள்ளத் தாள் ஒட்டியிருக்கிறதா, குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது. சரியான பதில் வரும் விடுதியில் எங்கள் குடும்பம் மொத்தமும் தங்கும். அம்மாவுக்கு ஆற்றைப் பார்த்த அறை வேண்டும், அதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
தெலுக் இந்தானிலிருந்து உங்கள் விருந்தினர் ஒருவர்